நடைவேக விழுகைகள்: கரிசல் நிலத்தில் வண்டி பழகுதல்

இருசக்கர வாகனம் பழகத் தொடங்கிய ஒருவர் முதன்முதலில் கீழே விழும் இடம் பெரும்பாலும் அவருடைய தெருமுனைத் திருப்பமாகவோ, பெட்ரோல் பங்க்கின் வரிசையாகவோ, ஆட்டு மந்தைக்கு வழிவிட்டு ஒதுங்கிய ஊரோரச் சாலையாகவோதான் இருக்கும். ஆள் நடக்கும் வேகத்தில் வண்டி நகரும்போதும், நின்ற வண்டி மறுபடி கிளம்பும்போதும் நேரும் இவ்வகை விழுகைகள், எலும்பு முறியாதவரை காவல் நிலையப் பதிவேட்டிலோ மருத்துவமனைக் குறிப்பிலோ ஏறுவதில்லை. விழுந்தவர் வெளியே சொல்லக் கூசுகிறார், பார்த்தவர்கள் சிரித்துவிட்டுக் கடந்துவிடுகிறார்கள், ஆகவே ஏன் விழுந்தார் என்ற கேள்வி எழாமலே போகிறது. கோவில்பட்டியை நடுவாகக் கொண்டு எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு, ஓட்டப்பிடாரம், சாத்தூர் என்று விரியும் வானம் பார்த்த கரிசல் பகுதியில் இந்தக் கேள்விக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. ஏனெனில் மெதுவாக ஓட்டுவதே வண்டிப் பழக்கத்தின் கடினமான பகுதி என்பதோடு, இங்குள்ள மண்ணும் காற்றும் சாலையும் அந்தக் கடினத்தைப் பல மடங்காக்குகின்றன.

ஓடும் வண்டி ஏன் விழாமல் நிற்கிறது என்பதற்கு, சக்கரம் சுழல்வதால் பம்பரம்போல நிமிர்ந்து நிற்கிறது என்ற விடையே பலருக்கும் பழகியது. அது முழு விடையன்று. 1899இல் பிரான்சிஸ் விப்பிள் என்ற ஆங்கிலேயர் மிதிவண்டியின் இயக்கத்தைச் சமன்பாடுகளாக எழுதினார். நூறாண்டுக்கும் மேல் கழித்து, 2011இல், நெதர்லாந்தின் டெல்ஃப்ட், அமெரிக்காவின் கார்னெல் ஆகிய பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் சுழற்சியின் விளைவை ஈடுகட்டி இல்லாமலாக்கிய ஒரு சோதனை வண்டியைச் செய்து, அதுவும் ஆளில்லாமல் தன்னைச் சமன்செய்துகொண்டு ஓடுவதைக் காட்டினார்கள். வண்டி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே முன்சக்கரமும் திரும்புகிறது என்பதே இதில் கவனிக்க வேண்டிய செய்தி. அப்படித் திரும்பும்போது சக்கரங்கள் சாய்ந்த பாரத்தின் அடியில் வந்து சேர்ந்து அதைத் தாங்கிக்கொள்கின்றன. உள்ளங்கையில் குச்சியை நிறுத்தி விளையாடும் சிறுவன், குச்சி சாயும் பக்கமாகவே கையை நகர்த்துவதைப் போன்றது இது. அசையாமல் அமர்ந்த ஆளைச் சுமக்கும் ஒரு மாதிரி மிதிவண்டிக்குப் போடப்பட்ட கணக்கில், மணிக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டர் முதல் 22 கிலோமீட்டர் வரையிலான வேகத்தில் கைப்பிடியைத் தொடாமலே அது தன்னைத் திருத்திக்கொள்கிறது. மோட்டார் சைக்கிளுக்கு எண்கள் வேறுபடும், ஆனால் தன்மை மாறாது: குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே வந்துவிட்டால் வண்டி தானாக நிமிராது, நிமிர்த்தும் வேலை முழுவதும் ஓட்டுபவர் கைக்கு வந்துவிடும்.

அந்த வேலை எளிதானதும் அன்று. வேகம் குறையக் குறைய, சிறு சாய்வைத் திருத்துவதற்கும் கைப்பிடியைக் கூடுதலாகத் திருப்ப வேண்டியிருக்கிறது. நடைவேகத்தில் அந்தத் திருப்பல் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இடமும் வலமுமாக இடைவிடாமல் நடந்துகொண்டே இருக்க வேண்டும். புதியவரோ அந்த ஆட்டத்தையே வண்டியின் கோளாறாக எண்ணி, பயத்தில் இரு கைகளையும் விறைத்துக் கைப்பிடியை அசையவிடாமல் பிடிக்கிறார். வண்டி நிமிர்வதற்கு இருந்த ஒரே வழியும் அதோடு அடைபட்டுவிடுகிறது. 'கையைத் தளர்வா வை' என்று பின்னாலிருந்து கத்தும் அண்ணனோ மாமாவோ காரணம் அறியாமலே சரியானதைத்தான் சொல்கிறார்.

எடையின் கணக்கையும் இங்கே பார்த்துவிடலாம். கரிசல் ஊர்களில் மிகுதியாகக் காணப்படும் ஸ்பிளெண்டர் ஏறத்தாழ 112 கிலோ எடை கொண்டது. அதன் பாரமெல்லாம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் குவிந்திருப்பதாகக் கொண்டால், 10 பாகை சாய்ந்த வண்டியைக் கைப்பிடி உயரத்தில் பிடித்து நிறுத்தப் பத்துக் கிலோ அளவு தள்ளுவிசை போதும். 30 பாகை சாய்ந்துவிட்டால் அது 28 கிலோவாகிவிடும். இது தோராயக் கணக்குதான், ஆனாலும் அனுபவத்தோடு பொருந்துகிறது: சாய்வின் தொடக்கத்தில் ஒற்றைக் காலால் தாங்க முடிந்த வண்டி, கண் இமைக்கும் நேரத்தில் எவராலும் தாங்க முடியாததாகிவிடுகிறது. 200 கிலோவை நெருங்கும் புல்லட்டில் அந்த எல்லை இன்னும் சீக்கிரம் வந்துவிடும். தார்ச்சாலையின் விளிம்பில் வண்டியை நிறுத்துபவருக்குச் சரிவுப் பக்கத்துக் கால் தரையை எட்டுவதற்குள் இந்த எல்லை கடந்துபோவதால், நிறுத்துமுன்பே எந்தப் பக்கம் மேடு என்று பார்த்து அந்தப் பக்கத்துக் காலை ஊன்றுவது, பழகுபவருக்கு முதல் நாளே சொல்லித்தர வேண்டிய செய்தியாகும்.

அடுத்தது கிளட்ச். எஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கடத்துவதும் துண்டிப்பதுமான இந்த உறுப்பு, இடக்கை லீவரை முழுதாகப் பிடித்தால் துண்டிக்கும், முழுதாக விட்டால் இணைக்கும். இரண்டுக்கும் இடையில், வழுக்கியபடியே சிறிதளவு மட்டும் இழுக்கும் ஒரு நிலை இருக்கிறது. மெக்கானிக்குகள் 'ஹாஃப் கிளட்ச்' என்று குறிப்பிடும் அந்த விரல்கடை அளவு இடத்தில்தான் மெதுவோட்டம் முழுவதும் அடங்கியிருக்கிறது. முதல் கியரில் கிளட்ச்சைச் சட்டென்று விடுபவரின் வண்டி ஒன்று முன்னே பாயும், அல்லது குலுங்கி 'ஆஃப்' ஆகும். திருப்பத்தின் நடுவில் ஆஃப் ஆகும் வண்டி, உள்பக்கமாகச் சாய்ந்த நிலையிலேயே இழுவை அற்றுப்போவதால், நேராக நிற்காமல் அந்தப் பக்கமே விழுந்துவிடுகிறது. பாய்ந்த வண்டியில் நடப்பது இன்னும் அபாயமானது: உடல் பின்னுக்குச் சாய, சாயும் உடல் கைப்பிடியைப் பற்றித் தொங்க, தொங்கும் கை ஆக்சிலேட்டரை மேலும் முறுக்க, வண்டி எதிர்ச்சுவரில் போய் நிற்கிறது. வலது மணிக்கட்டைத் தாழ்த்திப் பிடிக்காமல், முழங்கையோடு நேர்க்கோட்டில் வைத்துக் கிளம்பப் பழகியவருக்கு இந்தத் தொடர்விளைவு பெரும்பாலும் தொடங்குவதே இல்லை.

கியர் இல்லாத வண்டிகளின் நிலை வேறு. ஸ்கூட்டரிலும் டிவிஎஸ் எக்ஸ்எல்லிலும் எஞ்சின் வேகமெடுத்தால் தானே பற்றிக்கொண்டு, வேகம் தணிந்தால் தானே விலகிக்கொள்ளும் மையவிலக்குக் கிளட்ச் இருப்பதால், மெதுவாகச் செல்ல எண்ணி ஆக்சிலேட்டரை முழுதாக விடுபவருக்கு இழுவையே இல்லாமல் போய் வண்டி தள்ளாடுகிறது. சிறிது ஆக்சிலேட்டரைப் பிடித்தபடியே பின்பிரேக்கால் வேகத்தை அடக்குவதே அங்கு முறை. 1980இல் டிவிஎஸ் 50 என்ற பெயரில் வந்து, பின்னர் எக்ஸ்எல் என்று கரிசல் சம்சாரிகளின், அதாவது விவசாயிகளின், வீட்டு வண்டியாகிவிட்ட அந்த வாகனத்தை மிதிவண்டியின் உடன்பிறப்பாகவே ஊர்கள் கருதுகின்றன. ஆனால் 16 வயது நிறைந்தவர் ஓட்டலாம் என்று 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிப்பது 50 சி.சி.க்கு மேற்படாத கியரற்ற வண்டியை மட்டுமே. இன்றைய எக்ஸ்எல் 100 அந்த வரம்பில் அடங்காது. சிறுவரிடம் சாவியைக் கொடுத்தவருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டுவரை சிறையும் விதிக்க 2019ஆம் ஆண்டின் திருத்தம் வழிசெய்கிறது.

ஒரு வகை வண்டியிலிருந்து மற்றொன்றுக்கு மாறுபவர்கள் விழுவதற்கு வேறொரு காரணம் உண்டு. மோட்டார் சைக்கிளில் கிளட்ச் இருக்கும் இடத்தில் ஸ்கூட்டரில் பிரேக் இருக்கிறது. ஸ்கூட்டரில் பழகியவர் ஆடு குறுக்கே வந்ததும் மோட்டார் சைக்கிளின் இடது லீவரை இறுகப் பிடிக்கிறார். வண்டி நிற்பதற்கு மாறாக, எஞ்சினின் பிடியும் விலகி, இறக்கத்தில் தடையின்றி உருள்கிறது. மறுதிசையில் மாறுபவர் கிளட்ச் என்று எண்ணிப் பிடித்த பிரேக்கால் வண்டியோடு சட்டென்று நின்று தடுமாறுகிறார். கியர் மிதி வலப்புறமும் பிரேக் மிதி இடப்புறமும் இருந்த பழைய புல்லட்டுகளில் இக்குழப்பம் கால்களுக்கும் நேர்ந்தது. இவற்றைக் கவனக்குறைவு என்று சொல்வது அநீதி. கையும் காலும் ஆபத்துக் காலத்தில் பழகிய வேலையையே செய்யும்.

2018 பிப்ரவரி 24இல் தொடங்கப்பட்ட அம்மா இருசக்கர வாகனத் திட்டம், வேலைக்குச் செல்லும் மகளிருக்கு வண்டி விலையில் பாதியை, 25,000 ரூபாய்க்கு மேற்படாமல், மானியமாக அளித்தது. தீப்பெட்டித் தொழிலிலும் கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலைசெய்யும் பெண்கள் திரளாக வாழும் பகுதியில், பேருந்து நேரத்தைப் பார்த்து வாழ்ந்தவர்கள் தங்கள் நேரத்துக்கு வீடு திரும்புவது பெரிய விடுதலை. அதை எந்த விழுகையும் சிறிதாக்கிவிடாது. ஆயினும் முப்பது வயதுக்கு மேல், மிதிவண்டிகூட ஓட்டாமல், நேராக ஸ்கூட்டரில் அமர்ந்தவர்களுக்கு ஒன்று கிடைக்காமல் போயிற்று. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான கிராமப் பெண்களை மிதிவண்டி ஓட்டவைத்தபோது அவர்கள் பெற்றதும், பெரியவர்கள் ஓட்டும் சைக்கிளின் குறுக்குக் கம்பிக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்ட சிறுவர்கள் பெற்றதும் அதுதான்: பாரம் இல்லாத வண்டியில், விழுந்தாலும் சிராய்ப்போடு போகும் வேகத்தில், மாதக்கணக்கில் நடந்த சமநிலைப் பயிற்சி. அந்தப் பயிற்சி இல்லாதவருக்கு அதை வேறு வகையில் கொடுத்துவிட்டே சாவியைக் கொடுக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் உறுதியான கருத்து.

முன்பிரேக் பற்றிய அச்சத்தை விளக்குவதற்குக் கரிசல் சம்சாரிகளிடம் ஏற்கெனவே சொல் இருக்கிறது. மாட்டு வண்டியில் சுமை ஏற்றும்போது அச்சுக்கு முன்னால் எடை கூடினால் முன்பாரம் என்றும், பின்னால் கூடினால் பின்பாரம் என்றும் சொல்வார்கள். முன்பாரமானால் மாட்டின் கழுத்து அழுந்தும், பின்பாரமானால் நுகத்தடி மேலெழும். ஓடும் மோட்டார் சைக்கிளில் பிரேக் பிடித்தால் எப்போதும் முன்பாரமே உண்டாகிறது. ஆகவே நேராகச் செல்லும்போது முன்பிரேக்கே வண்டியைச் சிறப்பாக நிறுத்துகிறது. ஆனால் கைப்பிடி திரும்பியிருக்கும்போது, நடைவேகத்தில், அதே முன்பிரேக்கைப் பிடித்தால், முன்னுக்குப் பாயும் பாரம் திரும்பிய சக்கரத்தின் மேல் நேராக இறங்காமல் பக்கவாட்டில் தள்ளி, வண்டியைத் திரும்பிய பக்கமே வீழ்த்துகிறது. 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்குக் கட்டாயமாக்கப்பட்ட ஏபிஎஸ், அதாவது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிக்கும் அமைப்பு, இந்த விழுகையைத் தடுக்காது. மிகக் குறைந்த வேகத்தில் அது செயல்படுவதுமில்லை. மெதுவான திருப்பத்தில் முன்பிரேக்கிலிருந்து விரல்களை எடுத்துவிட்டு, பின்பிரேக்கை இலேசாக மிதித்தபடி ஹாஃப் கிளட்ச்சில் இழுத்துச் செல்வதே பாதுகாப்பானது.

இனி மண். கரிசல் மண்ணின் களியில் மாண்ட்மோரில்லோனைட் வகைக் கனிமம் மிகுந்திருக்கிறது. புத்தகத்தின் தாள்களைப்போல அடுக்கடுக்காக அமைந்த இக்கனிமம், அடுக்குகளுக்கு இடையே நீரை உறிஞ்சி உப்பும், காய்ந்தால் சுருங்கும். இந்த ஒரு குணத்திலிருந்தே ஓட்டுபவருக்கு ஆண்டு முழுவதற்குமான தொல்லைகள் பிறக்கின்றன. கோடையில் நிலம் பாளம் பாளமாக வெடிக்கிறது. வெடிப்பில் முன்சக்கரம் இறங்கினால் அது வெடிப்பின் போக்கிலேயே போகும், திருப்ப முடியாது. வெடிக்காத மேற்பரப்போ சிறுசிறு மணிகளாக உதிர்ந்து கிடப்பதால், கெட்டித் தரைமேல் கொட்டிய மணலைப்போலச் சக்கரத்தை நழுவச்செய்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அதே மண் வழவழப்பான பசையாக மாறி, சக்கரத்தில் அப்பி, மட்கார்டுக்கும் டயருக்கும் இடையிலான வெளியை நிரப்பி, சில நூறு அடிகளுக்குள் முன்சக்கரத்தைச் சுழலவொட்டாமல் பூட்டிவிடுகிறது. தார்ச்சாலையில் மட்டும் பழகியவர், பிரேக் பிடிக்காமலே வண்டி ஏன் நின்றது என்று திகைத்து ஆக்சிலேட்டரை முறுக்கும்போது பின்சக்கரம் பக்கவாட்டில் வழுக்கி வண்டி படுத்துவிடுகிறது. மழைவிட்டுச் சில நாள் கழிந்த பிறகு, ஈரத்தில் டிராக்டர் பதித்த தடங்கள் கல்லைப்போல இறுகி நிற்கின்றன. அத்தடத்தில் இறங்கிய சக்கரத்தைச் சாய்வாக மெல்ல ஏற்ற முயல்பவர் விழுவார், நின்று, அகலமான கோணத்தில் திருப்பி ஏற்றுபவர் தப்புவார்.

நிற்கும் வண்டியையும் இந்த மண் விடுவதில்லை. சைடு ஸ்டாண்டு போட்டு நிறுத்திய வண்டியின் எடையில் ஒரு பங்கு ரூபாய் நாணயம் அளவேயான ஒரு இரும்பு நுனியில் இறங்குவதால், ஈரக் கரிசலில் அது மெல்லப் புதைந்து, ஓட்டியவர் புஞ்சைக்குள் போய்த் திரும்புவதற்குள் வண்டி சாய்ந்துவிடுகிறது. இதனால்தான் அனுபவப்பட்டவர்கள் ஸ்டாண்டின் அடியில் தட்டைக் கல்லையோ மரத்துண்டையோ வைக்கிறார்கள்.

கரிசல்மேல் போட்ட தார்ச்சாலையும் மண்ணோடு சேர்ந்து உப்பிச் சுருங்குவதால் அலைபோல மேடுபள்ளமாகிறது. விளிம்பில் மண் அரித்துப்போய்த் தார் மட்டும் சாண் உயரத்துக்குப் படிபோல நிற்கிறது. எதிரே பேருந்து வரும்போது ஒதுங்கும் புதியவர் அந்தப் படியில் இறங்கியதும் பதறி, ஓட்டத்திலேயே மறுபடி ஏற முயல்வதால் டயரின் பக்கவாட்டு தாரில் உராய்ந்து கவிழ்கிறார். இறங்கிவிட்டால் நின்றுவிடுவதே சரி. தை, மாசி அறுவடையில் உளுந்து, பாசி, கம்பு, மக்காச்சோளம் ஆகியவை சாலையில் காய்கின்றன. களமின்றி வேறு போக்கற்ற சம்சாரியின் மேல் இதில் பழி சுமத்துவது எளிது, ஆனால் ஊருக்கு ஒரு நல்ல களம் கட்டித்தராதவரை அவரைக் குற்றம் சொல்ல நியாயமில்லை. உருண்டைத் தானியம் டயருக்கு அடியில் குண்டுமணிகளாக உருள்வதாலும், காயப்போட்ட இடத்துக்குக் காவலாக வைத்த கற்கள் தானியத்தை அள்ளிய பின்னும் சாலையிலேயே கிடந்துவிடுவதாலும், அம்மாதங்களில் மாலை மங்கிய பிறகு புதியவர்கள் கிராமச் சாலைகளைத் தவிர்ப்பது நல்லது. காற்றாலைகள் நிறைந்த கயத்தாறு வட்டாரத்தில் ஆனி முதல் ஆவணிவரை வீசும் மேல்காற்று, மெதுவாகச் செல்லும் இலகுவான எக்ஸ்எல்லைத் தள்ளிக்கொண்டு போகும். இவற்றோடு தண்ணீர்ச் சுமையும் சேர்கிறது: பக்கத்துக்கு இரண்டாகத் தொங்கும் பிளாஸ்டிக் குடங்கள் பாதி நிறைந்திருக்கும்போது, திருப்பத்தில் நீர் ஒரு புறமாக அலைந்து, ஓட்டுபவர் திருத்திய சாய்வை மீண்டும் கெடுக்கிறது, ஆகவே குடத்தை விளிம்புவரை நிரப்பி மூடி போட்டுக்கொள்வதும், பழகும் மாதங்களில் சுமையே ஏற்றாதிருப்பதும் வேண்டும்.

இவ்வளவு நுட்பமான கலையைக் கற்றுத்தருபவர் யார்? ஊர்ப்புறங்களில் பயிற்சிப் பள்ளிகள் பெரும்பாலும் காருக்கே உரியவை. இருசக்கர வண்டியை அண்ணனோ கணவரோ தோழியோ கற்றுத்தருகிறார்கள். இது நம் ஊரின் குறை மட்டுமன்று. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நிகழ்ந்த இடத்துக்கே சென்று ஆராய்ந்து, தென்கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் 1981இல் வெளியிட்ட அறிக்கை, விபத்துக்குள்ளானவர்களில் 92 விழுக்காட்டினர் தாமாகவோ உறவினர், நண்பர் வழியாகவோ பழகியவர்கள் என்றும், பாதிக்கு மேற்பட்டோருக்கு விபத்து நேர்ந்த அந்த வண்டியில் ஐந்து மாத அனுபவம்கூட இல்லை என்றும் கண்டது. மோதிய கணத்தின் இடைநிலை வேகம் மணிக்கு 35 கிலோமீட்டர்தான். தலைக்கவசம் நெடுஞ்சாலைக்குத்தான், தெருவுக்குள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு: ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து கட்டின்றி விழும் தலை, வண்டி நின்றுகொண்டே இருந்தாலும், தரையை மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வேகத்தில் மோதும்.

உரிமத் தேர்வில் 'எட்டுப் போடுதல்' இருப்பது இந்தக் காரணத்தால் மிகப் பொருத்தமானது. தரையில் வரைந்த 8 வடிவத்தில், காலை ஊன்றாமல், இடமும் வலமுமாக முழு வட்டங்களைச் சுற்றி வருபவருக்குக் கிளட்ச், பின்பிரேக், பார்வை, உடற்சாய்வு நான்கும் ஒருங்கே கைவந்திருக்க வேண்டும். பழகுநர் உரிமம் ஆறு மாதம் செல்லும், 30 நாள் கழிந்தபின் தேர்வுக்குப் போகலாம் என்பது விதி. ஆனால் அந்த 30 நாளையும் சாலையில் நேராக ஓட்டிக் கழித்துவிட்டு, தேர்வுக்கு முந்திய நாள் மாலை மட்டும் எட்டைச் சுற்றிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. முறை தலைகீழாக இருக்க வேண்டும். பள்ளிக்கூட மைதானத்தின் கெட்டித் தரையில், வண்டியை முதலில் எஞ்சின் இல்லாமல் தள்ளிக்கொண்டு நடந்து அதன் எடையை உணர்ந்து, பின் ஹாஃப் கிளட்ச்சில் கால்களைத் தொங்கவிட்டபடி நகர்ந்து, பின் கால்களை ஏற்றி, பெரிய எட்டிலிருந்து சிறிய எட்டுக்கு வர வேண்டும். கண் முன்சக்கரத்தைப் பார்க்காமல் அடுத்துப் போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும், திருப்பத்தில் வண்டி உள்ளே சாய உடல் வெளிப்பக்கம் நிமிர்ந்திருக்க வேண்டும். சேலை, துப்பட்டா அணிந்தவர்கள் முந்தானையை இறுகச் செருகிக்கொண்டு ஏறுவதும், பின்சக்கரத்தின் சாரி கார்டைக் கழற்றாதிருப்பதும் இன்றியமையாதவை. கெட்டித் தரையில் எட்டு கைகூடிய பின், பங்குனியின் உதிரி மண்ணிலும், மழைவிட்டு ஓரளவு உலர்ந்த வண்டிப்பாதையிலும் அதே எட்டைச் சுற்றினால்தான் கரிசலில் பழகியதாகச் சொல்ல முடியும்.

இத்தனைக்குப் பிறகும் வண்டி விழும். சாய்வு எல்லையைக் கடந்துவிட்டால் அதைப் பிடித்து நிறுத்த முயலாமல், காலை வெளியே எடுத்து விலகி நிற்க வேண்டும். இடுப்பும் முழங்காலும் சேதப்படுவது பெரும்பாலும் அந்த வீண் முயற்சியில்தான். விழுந்தபின் முதலில் சாவியை அணைத்து, பெட்ரோல் ஒழுகினால் நெருப்புக்கு விலக்கி, முடிந்தால் கியரில் போட்டு வண்டி உருளாதபடி செய்து, வலப்பக்கம் விழுந்திருந்தால் இடப்பக்கத்து சைடு ஸ்டாண்டை முன்கூட்டியே விரித்து வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டின் விளிம்பில் இடுப்பை அண்டக்கொடுத்து, ஒரு கையால் தரைப்பக்கத்துக் கைப்பிடியையும் மறு கையால் பின்புறக் கம்பியையும் பற்றி, முதுகை வளைக்காமல் கால்களின் வலுவால் சிறுசிறு அடியாகப் பின்னோக்கி நடந்தால், மெலிந்த உடலினரும் ஸ்பிளெண்டரை நிமிர்த்திவிடலாம். நிமிர்ந்த வண்டியில் கிளட்ச் லீவர் வளைந்திருக்கிறதா, பிரேக் மிதி எஞ்சினில் முட்டுகிறதா, ஆக்சிலேட்டர் முறுக்கிவிட்டால் தானே திரும்புகிறதா என்று பார்த்துவிட்டு, கைப்பிடி கோணியிருந்தால் முன்சக்கரத்தை இரு முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி நேராக்கி, மட்கார்டில் அப்பிய கரிசலைக் குச்சியால் சுரண்டி எடுத்து, பத்தடி தள்ளிப் பார்த்துப் பிரேக் பிடிக்கிறதென்று உறுதியான பின்னரே மறுபடி ஏற வேண்டும்.